பொன்னிறத்தில் இறக்கிய கத்தி

மகள் தன் ஹேர் டிரையரைக் காணோமென்று வீட்டைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்த நேரத்தில், அது பின்பக்கம் துணி துவைக்கிற இடத்தில் கரி நெருப்பை ஊதிக்கொண்டிருந்தது. அடி ஓட்டையான ஓர் இரும்பு வாளி. உட்பக்கம் களிமண்ணும் சாம்பலும் குழைத்து நாலு விரல் கனத்துக்குப் பூசியிருந்தது. பக்கத்தில் துளை போட்டுக் குழாய் செருகி, குழாயின் மறுமுனையில் ஹேர் டிரையரைத் துணி சுற்றி இறுக்கியிருந்தார் லிஃப்ட்காரர். தலையில் ஈரத் துண்டோடு குத்த வைத்து உட்கார்ந்து, அறுபத்தொரு வயதில் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இரும்பு காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"அப்பா! மூளை கீளை கழண்டு போச்சா உங்களுக்கு? ஈரத் தலையோட நான் எப்படி வேலைக்குப் போறது?"

"பத்து நிமிஷம் பொறு கண்ணு. இப்பத்தான் செவக்குது."

"அது தலைக்கு ஊதற மெஷினுப்பா!"

"என் தலையில ஊதறதுக்கு என்ன இருக்கு? அதான் நெருப்புக்குக் குடுத்தேன்."

உள்ளே நாற்காலியில் இருந்த அவர் மனைவி சிரித்தாள். வாய் ஒரு பக்கமாகத்தான் போகும், ஆனாலும் சிரிப்பு சிரிப்புதானே. அம்மா சிரித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று மகள் ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஈரத் தலையைத் துண்டால் முடிந்துகொண்டு வேலைக்குப் போனாள்.

லிஃப்ட்காரர் கையால் எதையும் செய்து பழகாத மனிதர். முப்பத்திரண்டு வருஷம் ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டன் அழுத்தினார், அவ்வளவுதான். சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சொன்னால் கட்டைவிரலில் அடித்துக்கொண்டு வருவார். அந்த வீட்டில் ஆணி அடிப்பது, குழாய் மாற்றுவது, ஃபியூஸ் போடுவது எல்லாமே மனைவிதான். அவளோ அதே கட்டடத்தின் ஒன்பதாவது மாடி கேன்டீனில் காய் நறுக்கி வதக்குகிற வேலை பார்த்தவள். கல்யாணத்துக்கு முன்னால், தினமும் காலையில் வெங்காய மூட்டையோடு லிஃப்டில் ஏறுவாள். தரைத்தளத்தில் நின்றுகொண்டு இவர் கேட்பார்: "மேலயா, கீழயா?"

"கீழ என்ன பாதாளமா இருக்கு? மேலதான்" என்பாள் அவள்.

ஒரு வருஷம் இதையே கேட்டு, இதையே சொல்லி, கடைசியில் கல்யாணத்தில் போய் முடிந்தது. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்துக்குப் பிறகும் காலையில் கண் விழித்ததும் அவர் "மேலயா, கீழயா?" என்று கேட்பதும், அவள் "மேலதான்" என்பதும் நிற்கவில்லை.

போன மழைக்காலத்தில் அவள் மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தபோது கத்தி நழுவியது. கத்தியை எடுக்கக் குனிந்தவள் நிமிரவில்லை. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு மட்டும் இரண்டு மாதத்தில் திரும்பியது, அதுவும் இவரைத் திட்டுவதற்கென்றே வந்ததுபோல் வந்தது. கோல் ஊன்றி வீட்டுக்குள் நடந்தாள். வலது கையோ கிடந்தது. ஒரு பொருள்மேல் வைத்து அழுத்தச் சொன்னால் அழுத்தும். ஆனால் அதில் சூடும் தெரியாது, எறும்பு கடித்தாலும் தெரியாது. இடது கையில் பழைய மூட்டுவாதம். முஷ்டியாக மூடும், கடைக் கத்தியின் ஒல்லிப் பிடியைப் பிடிக்க வராது.

திங்கள்கிழமைதோறும் உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு அம்மா வருவாள். பயிற்சியம்மா என்று வீட்டில் பேர். ஒருநாள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே இவரிடம் சொன்னாள்:

"சார், பயிற்சி மட்டும் போதாது. அவங்களுக்கு ஏதாவது ஒண்ணு மேல ஆசை இருக்கணும். ஆசை இருந்தா கை பின்னாலயே வரும். ஆசை போச்சுன்னா, நான் வாரத்துல ஏழு நாள் வந்தாலும் பிரயோஜனம் இல்ல. என்ன ஆசைன்னு கேட்டுப் பாருங்க."

கேட்டார்.

"ஒரே ஒரு வெங்காயம். நானே நறுக்கணும், ஒழுங்கா. உம்பொண்ணு நறுக்கறதப் பாத்தியா? நறுக்கினதா, நாய் கடிச்சதான்னு தெரியல."

கோபம் வந்தால் அவள் 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு வந்துவிடுவாள். அவருக்கு அது பிடிக்கும்.

அவளுக்கு ஏற்ற கத்தி எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்தார்: இஸ்திரிப் பெட்டி மாதிரி மேலே பிடி, கீழே பட்டையாகக் குட்டிக் கத்தி. முஷ்டியால் பிடித்து அமுக்கினால் போதும். கடை கடையாக ஏறி இறங்கினார், எங்கேயும் இல்லை. சரி, நாமே செய்துவிடலாம் என்று முடிவு கட்டினார். ஆணி அடிக்கத் தெரியாத ஆளுக்கு வந்த துணிச்சலைப் பாருங்கள்!

பழைய லிஃப்டைக் கழற்றியபோது ஞாபகத்துக்கென்று லிஃப்டுக்கு எதிர்ப்பாரமாகத் தொங்கிய ஓர் எடைக்கட்டியும், லிஃப்ட் ஏறி இறங்கிய தண்டவாளத்தில் ஒரு துண்டும் கேட்டு வாங்கி வந்திருந்தார். எடைக்கட்டி இப்போது பட்டறைக்கல் ஆயிற்று. முப்பத்திரண்டு வருஷம் ஊரையே தூக்கிச் சுமந்த தண்டவாளத்தைவிட உசத்தியான இரும்பு உலகத்தில் உண்டா என்ன? அதில் ஒரு துண்டு அறுத்து, ஹேர் டிரையர் நெருப்பில் காய்ச்சி, ஒரு வாரம் தட்டி, பெருமையாக அடுத்த தெரு வெல்டிங் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரன் இரண்டு கையாலும் பிடித்து வளைத்தான். வளைந்தது.

"என்ன பட்டன் அண்ணே, கத்தியா கரண்டியா?"

"டேய், ஒன்பது மாடி தூக்கின இரும்புடா அது."

"தூக்கும்ணே, வெட்டாது. இது பச்சிரும்பு. நீங்க எத்தனை தடவை தண்ணியில முக்கினாலும் சும்மா குளிச்சிட்டு வந்து உக்காந்துக்கும்." மூலையில் கிடந்த லாரி ஸ்பிரிங் பட்டையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு நாலைந்து துண்டு அறுத்துக் கொடுத்தான். "இதுதான் உருக்கு. தட்டி உருவம் வந்ததும் கொண்டாங்க, பிடிய நான் ஒட்டித் தரேன். அப்புறம் காந்தம் ஒட்டாத அளவுக்குச் செவக்க விட்டு எண்ணெயில முக்கணும். அதுதான் தோய்ச்சல். தோய்ச்சது சரியான்னு பாக்க அரத்த வச்சு ராவுங்க. அரம் வழுக்குச்சுன்னா சரி."

"அவ்வளவுதானே?"

"எங்க அவ்வளவு? அந்த நிலையில கீழ போட்டா ஒடைஞ்சிடும். கறுப்பத் தேச்சுட்டு, சூடான தகட்டுல வச்சு மறுபடி இளக்கணும். சூடு ஏற ஏற இரும்புல நிறம் ஓடும். பொன்னிறத்துல எடுத்துடணும். தாண்டி ஊதா, நீலம்னு போச்சுன்னா பதம் போச்சு."

லிஃப்ட்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, மஞ்சளும் பழுப்பும் அவருக்கு ஒன்றாகி ரொம்ப நாளாயிற்று.

அடுத்த கத்தியை அவசரத்தில் தண்ணீரில் முக்கிவிட்டார். 'டிக்'கென்று ஒரு சத்தம், குறுக்கே கீறல். அதற்கு அடுத்தது எண்ணெயில் நன்றாகத் தோய்ந்தது, ஆனால் தகட்டில் வைத்து உற்று உற்றுப் பார்த்ததில் பொன்னிறம் எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாமல் நீலம் பாரித்துவிட்டது. இந்த வம்பே வேண்டாம் என்று நான்காவதை இளக்காமலே எடுத்தார். கை தவறித் தரையில் விழுந்ததும் மூன்று துண்டாயிற்று. புருவம் கருகிப் போயிருந்தது, முழங்கையில் கொப்புளம். ஐந்தாவதைத் தகட்டில் வைத்துக்கொண்டு அவர் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்திருந்தபோது உள்ளேயிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

"என்னத்தங்க அப்படிப் பாக்கறீங்க?"

"நிறம் பாக்கறேன்."

"என்ன நிறம்?"

"பொன்னிறமாம். எனக்கு எல்லாம் ஒண்ணாத் தெரியுது."

"அட என் மனுஷா! முப்பது வருஷமா வெங்காயத்தப் பொன்னிறத்துல எறக்கினவ இங்க உக்காந்திருக்கேன், என்கிட்ட கேக்கறதுக்கு என்ன? நாற்காலியத் தூக்கிப் போடுங்க வெளிய."

வாளிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்தார். அவள் தகட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு... பொறுங்க... லேசா மஞ்சக் கட்டுது. கைய எடுங்க, மறைக்குது. இன்னும் கொஞ்சம்... ம், எறக்குங்க! எறக்குன்னா எறக்கேன்யா!"

எறக்கினார். அவளே பதம் சொன்ன கத்தி அது. தீட்டி, பிடிக்கு சைக்கிள் டியூபைச் சுற்றிக் கொடுத்தார். அவள் பழைய பழக்கத்தில் கூர் பார்க்க வலது கட்டைவிரலை விளிம்பில் வைத்தாள், அப்புறம் எடுத்துக்கொண்டாள். அந்த விரலுக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

"தொட்டுப் பாருங்க. கூர் இருக்கா?"

தொட்டார். தோலில் நூலளவு கோடு விழுந்தது. "இருக்கும்மா. இருக்கு!"

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஒரு வெங்காயம் நறுக்கினாள். உயிரில்லாத வலது கையை எடுத்து வெங்காயத்தின்மேல் வைத்து அழுத்திக்கொண்டு, இடது முஷ்டியால் அமுக்கினாள். அரை மணி நேரம் ஆயிற்று. ஒரே அளவில் இல்லை, கேன்டீனில் இப்படி நறுக்கியிருந்தால் அவளே குப்பையில் கொட்டியிருப்பாள். ஆனாலும் நறுக்கினாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "வெங்காயம்" என்றாள். அவருக்கும் வழிந்தது. அவர் எட்டி நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது நாள். தினம் ஒன்று நறுக்கினாள்: கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம். திங்கள்கிழமை பயிற்சியம்மா வந்து பந்தைக் கொடுத்தபோது வலது விரல் இரண்டு தானாக மடங்கியது. "என்னம்மா மாயம் பண்ணினீங்க?" என்று அவள் சத்தமாகவே கேட்டாள். அந்த வாரம் "மேலயா, கீழயா?" என்று அவர் கேட்பதற்கு முன்னாலேயே "மேலதான், மேலதான்" என்று பதில் வந்தது.

பத்தாவது நாள் அவர் ரொட்டி வாங்கக் கடைக்குப் போனார். கால் மணி நேரம்கூட இல்லை. திரும்பி வந்தபோது மனைவி மேஜையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தக்காளிக்கு என்னங்க இத்தனை சாறு? பலகையெல்லாம் ஓடுது."

அது சாறு இல்லை. வலது கை ஆள்காட்டி விரல் எலும்பு தெரிகிற அளவுக்கு வெட்டுப்பட்டிருந்தது. இரண்டு மூன்று தடவை வெட்டியிருக்க வேண்டும். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு அமுக்கு அமுக்கப் போனாள். இவர் ரொட்டியை எங்கே போட்டார் என்றுகூடத் தெரியாது.

ஒன்பது தையல். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது அவள் குதூகலமாக இருந்தாள், அதுதான் கொடுமை.

"வெட்டுச்சு பாத்தீங்களா? கடைக் கத்தி இப்படி வெட்டுமா? நான் பதம் சொன்னதுல்ல."

மகள் அவரைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"வலி தெரிஞ்சா நிறுத்துவாங்க. வலியே தெரியாதவங்க கையில கூரான கத்தியக் குடுத்தா எங்கப்பா நிறுத்துவாங்க? நாளைக்கு விரலே போகும். கத்திய ஒளிச்சு வைங்க."

"ஒளிச்சா கேப்பாளேம்மா. எடுத்துட்டா பயிற்சியையும் விட்டுடுவா."

"விரல் போனப்புறம் என்ன பயிற்சி? நானும் வேலைக்குப் போயிடறேன், நீங்களும் கடைக்குப் போவீங்க. என்னால தாங்க முடியாதுப்பா." அவள் அழுதாள்.

மகள் சொல்வதும் நியாயம், பயிற்சியம்மா சொன்னதும் நியாயம். இந்த நடுவில் மாட்டிக்கொண்ட மனிதருக்கு ஒரு யோசனை தோன்றியது. கத்தியும் அவள் கையில் இருக்கும், விரலும் பிழைக்கும். வெறுமனே விளிம்பை மழுக்கினால் போதாது. அவள் பீங்கான் கிண்ணத்தின் அடியில் நாலு தேய் தேய்த்துக் கூர் ஏற்றிவிடுவாள், கேன்டீன்காரி. பதத்தையே எடுத்துவிட வேண்டும்.

மறுநாள் மத்தியானம், மருந்து மயக்கத்தில் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். மகளின் ஹேர் டிரையரை மறுபடியும் எடுத்தார். சைக்கிள் டியூபை அவிழ்த்துவிட்டு, கத்தியை நெருப்பில் வைத்தார். பொன்னிறம் தாண்டியிருக்கும், ஊதா தாண்டியிருக்கும், நீலம் தாண்டியிருக்கும். எதுவும் அவருக்குத் தெரியவில்லை. சிவப்பு மட்டும் நன்றாகத் தெரிந்தது. செக்கச்செவேலென்று ஆனதும் சாம்பலுக்குள் புதைத்து மெதுவாக ஆற விட்டார். மறுநாள் எடுத்து அரத்தை வைத்தார். முன்பு வழுக்கிய அரம் இப்போது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. விளிம்பை உருட்டினார். மறுபடி டியூபைச் சுற்றினார். இரண்டு மாத உழைப்பு ஒரு மத்தியானத்தில் பச்சிரும்பு மாதிரி ஆயிற்று.

கட்டுப் பிரித்த அன்றைக்கே அவள் பலகையைக் கேட்டாள். ஒரு தக்காளியை எடுத்து, கையை மேலே வைத்து, அமுக்கினாள். தக்காளி நசுங்கியது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் நசுங்கி விதை மேஜையெல்லாம் தெறித்தது. கிண்ணத்தைக் கவிழ்க்கச் சொல்லி அதன் அடியில் தேய்த்துவிட்டு வெங்காயத்தை எடுத்தாள். முதல் தோலில் கொஞ்சம் இறங்கி, நின்றுவிட்டது. இடது தோள் நடுங்க நடுங்க அமுக்கினாள். நெற்றியில் வியர்த்தது.

"ஏங்க, தொட்டுப் பாருங்க. கூர் இருக்கா?"

அவர் விளிம்பைத் தொட்டார். கரண்டிக் காம்பைத் தொட்டதுபோல் இருந்தது. இப்போது சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. எதிரே மகள் நின்றுகொண்டிருந்தாள்.

"இருக்கு" என்றார்.

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். தன் இடது முஷ்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப கைதான் போச்சு. படுத்திருந்த இந்தப் பத்து நாள்ல இருந்த கொஞ்ச நஞ்சமும் போயிடுச்சு. பலகைய எடுத்துடும்மா."

மகள் பலகையை எடுத்துக் கழுவினாள். அன்று மூன்று பேரும் நசுங்கிய தக்காளியை ரொட்டியில் தடவிச் சாப்பிட்டார்கள்.

அடுத்த திங்கள்கிழமை பயிற்சியம்மா பந்தை நீட்டியபோது அவள் வாங்கவில்லை. "எதுக்கு?" என்றாள். அதற்கடுத்த திங்களும் அப்படியே. மடங்கப் பார்த்த இரண்டு விரல்களும் பேசாமல் கிடந்தன. கோலை ஊன்றி எழுவதையும் விட்டாள். மகள் நாய் கடித்ததுபோல் நறுக்கிப் போட்டதை ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றாள். திட்டுவாளா என்று அவர் வேண்டுமென்றே கஞ்சியில் உப்பை அள்ளிப் போட்டுப் பார்த்தார். அதையும் குடித்தாள்.

தாங்க முடியாமல் ஒருநாள் வெல்டிங் கடைக்குப் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். கடைக்காரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டான். கேட்டு முடித்ததும் அவனுக்கே புரியாமல் தலையைச் சொறிந்தான்.

"ஏண்ணே, வெங்காயத்தக் கையால எதுக்குப் பிடிக்கணும்?"

"பின்ன?"

"பலகையில அடியிலேர்ந்து நாலு ஆணி அடிச்சு விட்டா மேல முனை நீட்டிக்கிட்டு நிக்கும். வெங்காயத்த அதுல குத்தி வச்சா அது பாட்டுக்கு நிக்குமே. அந்தக் கைக்கு அங்க வேலையே இல்லையே."

நாலு ஆணி. அவரோ ஆணி என்றால் மனைவியைக் கூப்பிட்டே பழகியவர். அவள் கை விழுந்த பிறகு அந்த வீட்டில் ஆணியைப் பற்றி நினைக்க ஆளே இல்லாமல் போயிற்று.

"கத்தி ஒண்ணும் கெட்டுப்போகலண்ணே. மறுபடி காய்ச்சித் தோய்ச்சா பழையபடி ஆயிடும்" என்று அவன் தைரியம் சொன்னான்.

வீட்டுக்கு வந்து ஆணி அடித்தார். இரண்டு கட்டைவிரலும் வீங்கின, ஆனால் நாலும் நேராக நின்றன. ஒரு வெங்காயத்தைக் குத்தி, பலகையைக் கையில் ஏந்திக்கொண்டு மனைவி படுத்திருந்த அறைக்குள் போனார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"இந்தாம்மா, இதப் பாரேன். இனிமே பிடிக்கவே வேண்டாம்."

"எனக்கு எதுக்கு அதெல்லாம்? அமுக்கக் கையில பலம் வேணுமே."

"பலம் இருக்கும்மா. உன் கையில ஒரு குறையும் இல்ல. நான்தான்... நான்தான் அந்தக் கத்திய நெருப்புல போட்டுப் பதத்த எடுத்துட்டேன். நீ தூங்கறப்போ. விரல் போயிடுமேன்னு பயந்துட்டேன். அது வெட்டாததுக்கு நான்தான் காரணம், உன் கை இல்ல. சத்தியமா."

அவள் மெதுவாகத் திரும்பினாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். திட்டட்டும், 'யோவ்' என்று கத்தட்டும், பலகையைத் தூக்கி அடிக்கட்டும் என்றுதான் காத்திருந்தார். அவள் முகத்தில் கோபமே இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"என்னைத் தேத்தறதுக்காக உங்க மேலயே பழியப் போட்டுக்காதீங்க" என்றாள். "அன்னைக்கு நீங்கதானே தொட்டுப் பாத்து, கூர் இருக்குன்னு சொன்னீங்க? என்கிட்ட நீங்க என்னைக்குப் பொய் சொல்லியிருக்கீங்க?"

"அன்னைக்குத்தான் சொன்னேன்!"

"சரி, சரி. அழாதீங்க. போய் முகத்தக் கழுவுங்க."

சொல்லிவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

செய்து காட்டினால் நம்பாமலா போவாள் என்று பின்பக்கம் போய் வாளியை மூட்டினார். கத்தியைச் சிவக்க விட்டார், காந்தம் பிடித்துப் பார்த்தார், எண்ணெயில் முக்கினார். அரம் வழுக்கியது. கறுப்பைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார். தகட்டைச் சூடு பண்ணி அதன்மேல் வைத்துவிட்டு, வெறும் நாற்காலியைக் கதவைத் தாண்டி வாளிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டார்.

"இந்தாம்மா, வந்து பதம் சொல்லேன்! எனக்குத் தெரியல!"

ஹேர் டிரையரை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"வராட்டிப் பரவாயில்ல, அங்கேயிருந்தாவது ஒரு வார்த்தை சொல்லு. மேலயா, கீழயா?"

உள்ளேயிருந்து கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது, அவ்வளவுதான். அவர் தகட்டின்மேல் குனிந்தார். இரும்பில் ஏதோ நிறம் ஓடிக்கொண்டிருந்தது. பொன்னிறம் இனிமேல்தான் வரப்போகிறதா, வந்து போய்விட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. 'எறக்கு' என்று யாராவது சொல்லட்டும் என்று இடுக்கியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.